ஒன்பதாம் கேள்வி: பெற்றது எத்தனை

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். துறை இருந்தது சென்னையில். ஆராய்ச்சி நடந்தது என் சொந்த ஊரான காரைக்குடியிலும் அதைச் சுற்றியிருந்த கண்டனூர், கொத்தமங்கலம், ஒக்கூர் ஆகிய ஊர்களிலும். பெண்கள் எத்தனை பிள்ளை பெறுகிறார்கள், அவற்றில் எத்தனை பிழைத்து வளர்கின்றன என்பது தலைப்பு. கல்யாணம் ஆகாத பெண் ஊரார் பிள்ளைகளை எண்ணிக்கொண்டு திரிகிறாளே என்று என் அத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி மாய்ந்துபோனார். அப்பா தச்சர், அந்தப் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவற்றில் கதவும் நிலையும் செய்தவர். அவர் மட்டும் தடுக்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடு என்றார், அவ்வளவுதான்.

எனக்கு அப்போது எண்கள்மேல் இருந்ததை ஆசை என்று சொல்லமாட்டேன். திமிர். மனிதர்கள் பேசுவது ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாறும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் வருகிற எண்தான் உண்மை என்று நம்பினேன். என் பேராசிரியர் என்னைவிட ஒரு படி மேல். கேள்வியை எழுதியிருக்கிறபடியே படிக்க வேண்டும், எல்லா வீட்டிலும் ஒரே குரலில் படிக்க வேண்டும், பதிலைத் தவிர வேறு பேச்சுக்கு இடம் கொடுக்கக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார். சைக்ளோஸ்டைல் செய்த நான்கு பக்கப் படிவம். அதில் ஒன்பதாவது கேள்வி, நீங்கள் இதுவரை உயிருடன் பெற்ற குழந்தைகள் எத்தனை என்பது. கடைசிப் பக்கத்தின் அடியில் ‘குறிப்பு’ என்று இரண்டு விரற்கடை அகலத்தில் ஒரு கட்டம் இருந்தது. நூற்றுக்கணக்கான படிவங்களில் அந்தக் கட்டத்தை நான் காலியாகவே விட்டிருந்தேன். பெண்கள் பேசத் தொடங்கியதும் பென்சிலைக் கீழே வைத்துவிடுவேன். பேச்சு முடிந்ததும் மறுபடி எடுத்துப் பத்தாவது கேள்வியைப் படிப்பேன்.

வீடுகளை நானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. சீட்டுக் குலுக்கி எடுத்ததுபோல எண்கள் கலைந்து கிடக்கிற எண் அட்டவணையைப் பார்த்து, அது காட்டிய வீட்டுக்குத்தான் போக வேண்டும். கண்டனூரில் அட்டவணை காட்டிய வீடுகளில் பாதி, கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டுமே திறக்கும் வீடுகள். பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். பக்கத்து வீட்டு அம்மாள் நான் சும்மாத்தானே இருக்கிறேன், என்னைக் கேளேன் என்று கூப்பிடுவார். கேட்கக்கூடாது என்பது விதி. அவருக்கு அது புரியவே இல்லை. எனக்கும் விளக்கத் தெரியவில்லை.

இன்னொரு விதி, குடும்பம் என்றால் என்ன என்பது. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் இதனால் ஒரு வேடிக்கை உண்டு. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அவனையும் மருமகளையும் ‘வேறு வைத்து’விடுவார்கள். வீட்டை விட்டு அனுப்புவதில்லை. அதே கூரையின் கீழ் தனி அடுப்பு, தனிச் சமையல். ஆகவே ஒரே வீட்டின் இரண்டாம் கட்டில் மூன்று அடுப்பு எரிந்தால் என் படிவத்தில் அது மூன்று குடும்பம். அடுத்தடுத்த மூன்று வரிசைகள்.

கொத்தமங்கலத்தில் அப்படி ஒரு வீடு. அண்ணன் தம்பி இருவரும் மலேயாவில் தொழிலில் இருந்தார்கள். அண்ணன் மனைவிக்கு ஒரு அடுப்பு, தம்பி மனைவிக்கு ஒரு அடுப்பு. முதல்முறை போனபோது பெரிய ஆச்சி ஒன்பதாம் கேள்விக்கு ஒன்று என்றார், ஆண். சின்ன ஆச்சி இரண்டு என்றார், ஒரு ஆண், ஒரு பெண். முதலில் சின்ன ஆச்சி என்னை வாங்க, உட்காருங்க என்றுதான் சொன்னார். வளவு என்கிற உள்முற்றக் கட்டின் கதவுக்குக் கீல் மாற்றிய ஆசாரியின் மகள் என்று தெரிந்ததும் அது ‘வா, உக்காரு’ என்று மாறியது. எனக்கு அது பிடித்திருந்தது. நாற்பதை ஒட்டிய வயது, வேகமான கை, யாரையாவது கேலி செய்துகொண்டே இருக்கிற வாய். நீ இப்படி ஊரெல்லாம் எண்ணிக்கொண்டே இருந்தால் உனக்கு எப்போது பிறக்கும் என்று என்னையும் விடவில்லை.

படிவங்களை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். கையால் சுற்றுகிற கணக்கு யந்திரத்தில் தோள்பட்டை வலிக்க வலிக்கக் கூட்டினேன். சரிபார்ப்பதற்காக கிராம முன்சீப்புகளிடம் இருந்த பிறப்பு இறப்புப் பதிவேடுகளிலிருந்தும் பிரதி எடுத்து வைத்திருந்தேன். பெண்கள் வாயால் சொன்ன பிறப்புகளின் கூட்டுத்தொகையும் பதிவேட்டின் கூட்டுத்தொகையும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. பேராசிரியர் எழுந்து வந்து என் தாளைப் பார்த்தார். யாரையும் பாராட்டாத மனிதர் அன்று எனக்குக் காப்பி வரவழைத்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கூட்டுத்தொகை பொருந்துகிறதே, வரிசைக்கு வரிசையும் பொருந்துகிறதா பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். பொருந்தவில்லை. பதிவேட்டில் மூன்று பிள்ளை உள்ள பெண் எனக்கு இரண்டு என்று சொல்லியிருந்தாள். பதிவேட்டில் ஒன்றுமே இல்லாத பெண் ஒன்று என்று சொல்லியிருந்தாள். பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன, மொத்தம் சரியாக இருக்கிறது, விட்டுவிடு என்றார் பேராசிரியர். என்னால் விட முடியவில்லை. புத்தகங்களைப் புரட்டினேன். இரண்டுக்குமே விடை கிடைத்தது. குறைத்துச் சொல்கிற பெண்கள் பெரும்பாலும் இறந்துபோன குழந்தையைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்றிருந்தது. கூடுதலாகச் சொன்னவர்களுக்கு விளக்கம் நானே கண்டுபிடித்தேன்: பிரசவம் தாய்வீட்டில் நடந்திருக்கும், பதிவு வேறு ஊரில் இருக்கும். இரண்டு விளக்கமும் கச்சிதமாக இருந்தன. குறைந்த வரிசையும் கூடிய வரிசையும் பல இடங்களில் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே வீட்டு எண்ணில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்த இரண்டு வரிசையையும் என் கையால்தான் எழுதியிருந்தேன்.

பிள்ளை கூட்டுவது என்று செட்டிநாட்டில் சொல்வார்கள். பிள்ளை இல்லாதவர்கள் பங்காளி வீட்டிலிருந்து ஒரு ஆண் பிள்ளையைச் சுவீகாரம் எடுத்துக்கொள்வது. ஒளிவுமறைவு கிடையாது, சடங்கு உண்டு, விருந்து உண்டு, ஊரே வரும். காரைக்குடியில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். அப்பாவோடு அப்படி ஒரு விருந்தில் சாப்பிட்டும் இருக்கிறேன். ஆனால் ஊரில் தெரிந்துகொண்டது ஒரு பக்கம் கிடந்தது, சென்னையில் படித்தது இன்னொரு பக்கம் கிடந்தது. படிவத்தைக் கையில் எடுத்தால் நான் காரைக்குடிக்காரி இல்லை.

விடுபட்ட குழந்தைகளைச் சேர்த்துவிட வேண்டும் என்று மறுபடி ஊருக்கு வந்தேன். கொத்தமங்கலத்து வீட்டுக்குக் காலையில் போனேன். இரண்டாம் கட்டில் சின்ன ஆச்சி தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். முற்றத்துக்கு அந்தப் பக்கம் பெரிய ஆச்சி காய் நறுக்கிக்கொண்டிருந்தார். சின்ன ஆச்சியின் அடுப்படி வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்து பெரிய ஆச்சியின் மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். காரைக்குடியில் கல்லூரிக்குப் போகிறவன், பக்கத்தில் புத்தகங்கள் இருந்தன. நான் உட்கார்ந்து பதிவேட்டுப் பிரதியைப் பிரித்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன், இறந்த குழந்தையைப் பற்றிக் கேட்கும்போது மெதுவாகக் கேட்க வேண்டும் என்று தெரியும்.

“ஆச்சி, போன தடவ ரெண்டுன்னு சொன்னீக. முன்சீப்பு புத்தகத்துல நடுவுல இன்னொரு ஆம்பளப் பிள்ள இருக்கு. அது தவறிப்போச்சா?”

பெரிய ஆச்சியின் கை நின்றுவிட்டது. சின்ன ஆச்சி என்னைப் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. தோசைக் கல்லையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அப்பிடி ஒரு பிள்ள எனக்குப் பிறக்கவே இல்ல. எழுதிக்கங்க.”

அவன் தட்டில் பாதித் தோசை இருந்தது. கையைக் கழுவினான், புத்தகங்களை எடுத்துக்கொண்டு போனான். பெரிய ஆச்சி அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டு உள்ளே போனார். சின்ன ஆச்சி கல்லை இறக்கி வைத்தார். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தேன், போய்வருகிறேன் என்று சொன்னேனா இல்லையா என்று நினைவில்லை.

அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண் பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்து சொன்னாள். அவன்தான் அந்தப் பிள்ளை. பல் முளைப்பதற்கு முன்பே பெரிய ஆச்சிக்குக் கூட்டிவிட்டார்கள். இனி பெற்றேன் என்று வாயால் சொல்வதில்லை என்று குலசாமி முன்னால் சொல்லிக் கொடுத்த பிள்ளை. அவனுக்கும் தெரியும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. பெரிய ஆச்சியின் அடுப்பில் சாப்பிட்டுவிட்டு, கல்லூரிக்குக் கிளம்பும் முன் சின்ன ஆச்சி கையால் ஒரு தோசை தின்றுவிட்டுப் போவான். பெரிய ஆச்சி அதைக் கண்டும் காணாமல் இருந்துவிடுவார். சின்ன ஆச்சிக்கு அவனிடத்தில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு தோசைதான் என்று அவள் சொன்னாள். பதினெட்டு வருஷமாக யாரும் அவரை வாய்விட்டு இல்லை என்று சொல்லவைத்ததில்லை. அதை நான் செய்தேன், அவன் முகத்துக்கு நேராக. அதற்கும் மேலே, செத்துப்போயிற்றா என்று வேறு கேட்டிருந்தேன்.

வெட்கமாக இருந்தது என்று எழுதினால் அது சின்னச் சொல். பல நாள் சாப்பாட்டில் கை வைத்தாலே அவன் பாதியில் வைத்த தட்டு ஞாபகம் வந்தது. பதினைந்து நாள் கழித்துக் காரைக்குடிச் சந்தையில் அந்தப் பெண்ணைப் பார்த்தபோது, அவன் இப்போது சின்ன ஆச்சி அடுப்புப் பக்கம் வருவதில்லை என்றாள். கோபமா என்று கேட்டேன். கோபமெல்லாம் இல்லை, பெரிய ஆச்சி மனசு நோகக்கூடாது என்று இருக்கிறானோ என்னவோ, யாருக்குத் தெரியும் என்றாள்.

சென்னைக்குப் போய்ப் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அந்த வரிசைகளை நீக்கிவிடு, அவற்றால் மொத்தம் மாறாது என்றார். நான் நீக்கமாட்டேன் என்றேன். அவரை எதிர்த்து நான் பேசிய முதல் வார்த்தை அது. அப்படியானால் என்ன செய்யப்போகிறாய், கதை எழுதப்போகிறாயா, அதற்கு வேறு துறை இருக்கிறது என்றார்.

பதில் மெல்ல மெல்லத்தான் கிடைத்தது. ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கினேன். பொருந்தாத வரிசைகளை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு, படிவம் இல்லாமல் அந்த வீடுகளுக்குப் போனேன். ஒன்பதாம் கேள்வியைக் கேட்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர்களாகப் பேசுவதை வீட்டுக்கு வந்து எழுதிவைப்பேன். ஒக்கூரில் வயல்வேலைக்குப் போகிற ஒரு பெண் பெயர் வைப்பதற்கு முன் போய்விட்ட பிள்ளையைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று தானாகவே சொன்னார். காரைக்குடியில் ஒரு முஸ்லிம் வீட்டில் தங்கை பெற்ற பெண்ணைத் தன் மகளோடு சேர்த்து வளர்த்தவர், இரண்டு பேரையும் எண்ணித்தான் சொல்லியிருந்தார், ஒருத்தியை விட்டுச் சொன்னால் அல்லா கேட்கமாட்டானா என்றார். நான் பொய் என்றும் மறதி என்றும் நினைத்ததற்கெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஒழுங்கு இருந்தது.

ஆனால் நோட்டும் என்னை ஏமாற்றியது. சில மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால், முக்கால்வாசிப் பக்கங்களில் பெரிய வீட்டுப் பெண்கள்தான் இருந்தார்கள். அவர்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் இருந்தது; எனக்கும் அங்கே காப்பி கிடைத்தது. நன்றாகப் பேசுகிறவர்களின் பேச்சையே ஊரின் பேச்சு என்று எடுத்துக்கொண்டிருந்தேன். இதை நோட்டைப் படித்துக் கண்டுபிடிக்கவில்லை, எண்ணிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அப்புறம் யார் பேச்சைக் கேட்பது என்பதையும் எண் அட்டவணையை வைத்தே முடிவு செய்தேன். நோட்டில் திரும்பத் திரும்ப வந்த விஷயங்களைப் புதிய கேள்விகளாக்கினேன். பெற்றது எத்தனை என்று கேட்பதை விட்டு, இந்த அடுப்பில் வளர்ந்த பிள்ளைகள் எத்தனை என்று எல்லா வீட்டிலும் கேட்டேன். அதற்குப் பதில் சொல்ல யாருக்கும் தயக்கம் இல்லை. பிறப்புகளைப் பதிவேட்டிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும், பிழை என்று கிடந்த வரிசைகள் ஒவ்வொன்றாகத் தங்கள் இடத்தில் போய் உட்கார்ந்தன. பேச்சை மட்டும் கேட்டிருந்தால் ஒரு வீட்டுச் சங்கதி என்று நினைத்திருப்பேன். எண்ணை மட்டும் பார்த்திருந்தால் பிழை என்று அடித்துவிட்டிருப்பேன்.

நான் போட்ட அட்டவணையைப் பேராசிரியர் வரிசை வரிசையாக விரல் வைத்துப் பார்த்தார். ஒரு அத்தியாயம் எழுதிக்கொள், ஆனால் நீ நோட்டிலிருந்து எடுக்கிற ஒவ்வொரு பேச்சும் எத்தனை வீட்டில் கேட்டது என்று பக்கத்திலேயே சொல்லியாக வேண்டும் என்றார். அந்தக் கண்டிப்பு அப்போது எரிச்சலாக இருந்தது. பிற்பாடு என் மாணவர்களிடம் நானும் அதையேதான் சொன்னேன். பட்டம் கிடைத்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், அதற்காகத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள்.

ஆனால் ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. அந்த அத்தியாயத்தின் நடுவில் கொத்தமங்கலத்து வீடு இருந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை, ஆனாலும் அது சின்ன ஆச்சிதான். அவரைக் கேட்காமல் அதை அச்சுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம் என்றால் எடுத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு, ஒன்றரை வருஷம் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன்.

பெரிய ஆச்சி மகனுக்குப் பெண் பார்க்க வெளியூர் போயிருந்தார். சின்ன ஆச்சி வளவில் உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். வாங்க என்றார். உட்காருங்க என்றார். அந்த ‘ங்க’ எனக்கு நன்றாகவே உறைத்தது. கேலி எதுவும் வரவில்லை. நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவர் அடுத்த மிளகாயை எடுத்தார். பிறகு வந்த காரியத்தைச் சொன்னேன். அச்சடித்த படிவத்தில் அவர் சொன்ன இரண்டு அப்படியே இருக்கிறது, நான் திருத்தவில்லை. நோட்டில்தான் இதை எழுதியிருக்கிறேன், அதிலிருந்துதான் பெயரில்லாமல் என் ஆய்வேட்டுக்குப் போகும், அவர் வேண்டாம் என்றால் கிழித்துவிடுகிறேன் என்றேன்.

படிச்சுக் காட்டுங்க என்றார்.

படித்தேன். நான்கு பக்கம். பெற்ற பிள்ளையைக் கொடுத்த ஒரு தாய், ஒரே கூரை, இரண்டு அடுப்பு, தினம் காலையில் ஒரு தோசை. அவர் மிளகாய் கிள்ளுவதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் கையிலிருந்த காம்பைப் போட்டார். அப்புறம் தலையை நிமிர்த்தினார்.

“ஒரு தோசையில்ல. ரெண்டு திம்பான். ரெண்டாவதுக்குச் சீனி கேப்பான்.”

நான் நோட்டில் அடித்துத் திருத்தினேன். அவர் என் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அச்சடிச்ச காயிதத்துல ரெண்டு பிள்ளையாவே இருக்கட்டும். இந்த நோட்டுல மூணுன்னு எழுதிக்க.”

எழுதினேன். எழுதியதைக் காட்டச் சொன்னார். நோட்டை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தார், உதடு அசைந்தது. முறத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“இப்ப அவன் வாரதில்ல. அதையும் எழுதிக்க.”

அதையும் எழுதினேன்.